போட்டோ இல்லாத காலத்து எரிமலைப் படம்: எவ்வளவு நம்பலாம்?

தரை முழுக்க குட்டிக் குட்டிக் கூம்புகள், அவற்றிலிருந்து புகை. பின்னால் கரடுமுரடான ஒரு மலை. மெக்சிகோவின் ஹோருயோ எரிமலையைக் காட்டும் இந்தப் பழைய அச்சுப்படம், ஜெர்மன் ஆய்வாளர் அலெக்ஸாண்டர் வான் ஹம்போல்ட் பாரிஸில் 1810 முதல் பகுதி பகுதியாக வெளியிட்ட நூலில் வந்தது. மொத்தம் 69 படங்கள் கொண்ட புத்தகம் அது.

இந்த மலைக்குப் பிறந்த தேதி உண்டு: 1759 செப்டம்பர் 29. அதுவரை அங்கே இருந்தவை கரும்பு வயலும் அவுரி வயலும்தான். ஜூன் மாதமே தரைக்கடியில் உறுமல் கேட்க ஆரம்பித்துவிட்டது. பிறகு நிலம் பிளந்து, 1774 வரை குமுறல் ஓயவில்லை. வயல் இருந்த இடத்தில் சுமார் 350 மீட்டர் உயர மலை!

ஹம்போல்ட் போனது 1803இல். நண்பர் போன்ப்லானுடன் எரிமலை வாய்க்குள்ளேயே இறங்கிப் பார்த்தார். கூம்புகளின் வெடிப்பில் தெர்மாமீட்டரை விட்டால் 95 டிகிரி செல்சியஸ். உள்ளூர்க்காரர்கள் அவற்றை 'ஹோர்னிட்டோ' என்றார்கள், அதாவது சின்ன அடுப்பு.

சரி, படம் எப்படி வந்தது? ஹம்போல்ட் போட்டது ஒரு ஸ்கெட்ச் மட்டுமே. ஐரோப்பாவில் இருந்த ஓவியர் அதைப் பார்த்து முழுப் படமாக வரைந்தார். இன்னொருவர் அதைச் செப்புத் தகட்டில் இடம் வலமாகத் திருப்பிச் செதுக்கினார், அச்சில் நேராக விழ வேண்டுமே. மூன்று கை மாறிய படம். கடைசி இருவரும் அந்த இடத்துக்குப் போய் வரைந்தவர்கள் இல்லை.

ஆனால் பெரிய சறுக்கல் அவர்களுடையது அல்ல. நிலமே பலூன் மாதிரி உப்பி, நடுவில் 160 மீட்டர் வரை மேலெழுந்தது என்று ஹம்போல்ட் நம்பினார். எரிமலைகள் இப்படித்தான் உருவாகின்றன என்ற கொள்கைக்கு ஹோருயோ முக்கிய சாட்சியானது. சார்லஸ் லயல் போன்றவர்கள் இதை ஏற்கவில்லை. உப்பலே கிடையாது, எரிமலைக்குழம்பு அடுக்கடுக்காகக் குவிந்ததுதான் அந்த மேடு என்றார்கள். ஜெயித்தது அவர்கள் வாதம்தான்.

அதற்காகப் படத்தைத் தூக்கிப் போட முடியாது. விளக்கம் தப்பு, கண்ணால் கண்டது சரி. 1827இல் அங்கே போன ஆய்வாளர் பர்கார்ட் பார்த்தபோது கூம்புகளில் புகை பெரும்பாலும் நின்றிருந்தது, மழை அவற்றை அரித்துக்கொண்டிருந்தது.

1943இல் அதே மிச்சோவகான் மாநிலத்தில் ஒரு சோளக்கொல்லை பிளந்து பரிகுத்தின் எரிமலை வந்தது. சாம்பலும் கல்லும் விழுந்து விழுந்து மலை உயர்வதை, 1952இல் அது அடங்கும்வரை, விஞ்ஞானிகள் கூடவே இருந்து பார்த்தார்கள். இந்த முறை கேமராவும் இருந்தது.