நாய்க்குட்டிக்கும் நல்ல இடம் பார்க்கணும்

பெண்ணுக்கு வரன் பார்க்கும்போது நாம் என்னவெல்லாம் விசாரிக்கிறோம்! பையன் குணம் எப்படி, மாமியார் எப்படி, வாசலில் தண்ணீர்க் குழாய் இருக்கிறதா என்பது வரைக்கும் கேட்டுவிடுகிறோம். ஒரு நாய்க்குட்டியைக் கொடுக்கும்போதும் அதில் பாதியாவது விசாரிக்க வேண்டும் என்றால் சிரிப்பீர்கள். எங்கள் வீட்டிலும் சிரித்தார்கள். ஆனால் பெண்ணாவது பிறந்த வீட்டுக்கு வந்து தன் கஷ்டத்தைச் சொல்லிவிடும். வாயில்லா ஜீவன் யாரிடம் போய்ச் சொல்லும்?

2025 ஐப்பசி மழையில், சிங்காநல்லூரில் எங்கள் வீதி முனையில் ஒரு செவலைக் குட்டி பின்னங்காலை இழுத்துக்கொண்டு கிடந்தது. ஏதோ வண்டி தட்டிவிட்டுப் போயிருக்கிறது. அடிபட்ட நாய், உதவி செய்ய வருகிற கையையே வலியில் கடித்துவிடும். அதனால் கெட்டியான துண்டை மேலே போட்டுச் சுற்றி, அட்டைப் பெட்டியில் வைத்து ஆட்டோவில் மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். டாக்டர் வாயைத் திறந்து பார்த்து, "பால் பல் விழ ஆரம்பிச்சிருக்கு, நாலு மாசம் இருக்கும். எலும்பு கீறல்தான். மூணு வாரம் ஓடவிடாதீங்க" என்று கட்டுப் போட்டு அனுப்பினார்.

நாங்கள் இருப்பது வாடகை மாடி வீடு. மாமியாருக்கு இளைப்பு உண்டு, நாய் முடி ஆகாது. "கால் சரியாகிற வரைக்கும் இருக்கட்டுமுங்க, கார்த்திகை தீபத்துக்குள்ள வேற இடம் பார்த்துருங்க" என்றார் வீட்டு ஓனரம்மா. அவரையும் குறை சொல்ல முடியாது. ஆக என் கையில் இருந்தது ஐந்தே வாரம்.

முதலில் உடம்பு

வீடு தேடுவதற்கு முன் குட்டியின் உடம்பைச் சரிபண்ண வேண்டும். பூச்சி மருந்து கொடுக்க வேண்டும். பார்வோ, டிஸ்டெம்பர் நோய்களுக்குத் தடுப்பூசி போட வேண்டும். பார்வோ வந்தால் ரத்தமாய்ப் பேதியாகி, இரண்டு மூன்று நாளிலேயே குட்டி போய்விடக்கூடும். மூன்று மாதம் ஆனதும் வெறிநாய்க்கடித் தடுப்பூசி, பிறகு டாக்டர் சொல்கிறபடி மறு ஊசி, வருஷா வருஷம் ஒன்று. இதையெல்லாம் எழுதிய சீட்டுத்தான் நாயின் ஜாதகம். அதைக் கையில் வைத்துக்கொண்டு பேசினால் கேட்கிறவர்களுக்குப் பாதி பயம் போய்விடும்.

அந்தப் பயமும் வீண் பயமில்லை. 1902-ல் லில்லி பேக்கன்ஹாம் வால்ஷ் என்ற இளம்பெண் வெறிநாய் கடித்து இறந்துபோனாள். தென்னாட்டில் அப்போது அதற்கு வைத்தியமே கிடையாது. அதன் பிறகுதான், 1907-ல், நமக்குப் பக்கத்தில் குன்னூரில் பாஸ்டர் நிறுவனம் தொடங்கினார்கள். இன்றைக்கு ஊசி இருக்கிறது. குட்டிதானே என்று நினைக்காமல், பல் பட்டாலும் நகம் கீறினாலும் ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவிவிட்டு, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். மஞ்சள் பொடி, சுண்ணாம்பு எதையும் அப்பக் கூடாது.

வந்த இடங்கள்

தெரிந்தவர்களிடமெல்லாம் சொல்லி வைத்தேன். முதலில் கேட்டவர் பெரிய பங்களாக்காரர். குட்டியைப் பார்த்ததும், "ராஜபாளையம் மாதிரி வெள்ளையா இருந்தா பரவால்லீங்க" என்று போய்விட்டார். ராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை, கன்னி எல்லாம் நம் மண்ணின் பெருமைதான். ஆனால் தெருவில் பிறந்ததும் நம் வெயிலுக்கும் மழைக்கும் பழகின உடம்புதானே?

அடுத்து ஒரு குடோன்காரர். "நாளைக்கே குடுங்க, காவலுக்கு வேணும்" என்றார். என் வீட்டுக்காரர், "கொடுத்துட்டா வேலை முடிஞ்சுது" என்றார். நான் நேரில் பார்த்துவிட்டுத்தான் கொடுப்பேன் என்று போனேன். தகரக் கொட்டகை, இரண்டு முழச் சங்கிலி, காய்ந்துபோன ஒரு வட்டில். "இதுக்கு முன்னாடி இருந்த நாய் என்னாச்சுங்க?" என்றேன். "அது போயிருச்சுங்க" என்றார். எங்கே போயிற்று என்று அவருக்கே தெரியவில்லை. கும்பிட்டுவிட்டு வந்துவிட்டேன். குட்டைச் சங்கிலியில் நாள் முழுக்கக் கட்டி வைப்பதும், பட்டினி கிடக்கும்படி விட்டுவிட்டுப் போவதும் 1960-ம் வருஷ மிருகவதைத் தடைச் சட்டப்படி குற்றம் என்பது பல பேருக்குத் தெரிவதில்லை.

மற்றவர்கள் கேட்ட முதல் கேள்வி எல்லாம் ஒன்றேதான். "பொட்டை நாயிங்களா? அப்ப வேண்டாமுங்க. வருசத்துக்கு ரெண்டு ஈத்துப் போடும், யார் பாக்கறது?" பெண்ணாய்ப் பிறந்த குற்றம் நாயையும் விடவில்லை பாருங்கள்! ஆனால் அவர்கள் சொல்வதும் உண்மைதான். இரண்டு மாதத்தில் குட்டி போடும், ஒரு ஈற்றுக்கு நாலைந்து. அவை வீதிக்குத்தான் வரும். அதற்கு வழி கருத்தடை ஆப்பரேஷன். சென்னையில் கேப்டன் சுந்தரம் 1959-ல் தொடங்கிய புளூ கிராஸ், 1960-களிலேயே தெருநாய்களுக்கு இதைச் செய்ய ஆரம்பித்தது. 2001-ல் மத்திய அரசு இதற்கென்றே விதிகள் போட்டது, 2023-ல் அவற்றைப் புதுப்பித்தது. நம் கோவையில் மினி வாசுதேவன் என்ற பெண்மணி, அமெரிக்காவில் பார்த்த என்ஜினீயர் வேலையை விட்டுவிட்டு வந்து, கணவரோடு சேர்ந்து ஹ்யூமேன் அனிமல் சொசைட்டியை ஆரம்பித்து இந்தப் பணியைச் செய்தார். அதற்காக 2019-ல் ஜனாதிபதி கையால் நாரி சக்தி விருதும் வாங்கினார்.

இதற்கிடையில் 2025 நவம்பர் 7-ந் தேதி சுப்ரீம் கோர்ட் உத்தரவு வந்தது. பள்ளி, ஆஸ்பத்திரி, பஸ் ஸ்டாண்டு, ரயில் நிலையங்களில் திரிகிற நாய்களைப் பிடித்துக் காப்பகத்தில் வைக்க வேண்டும், பழைய இடத்தில் திரும்ப விடக்கூடாது என்று. "இனி எதுக்குங்க்கா வீடு தேடறீங்க? அவங்களே புடிச்சுட்டுப் போயிருவாங்க" என்றாள் பக்கத்து வீட்டுப் பெண். எனக்கோ அன்று முதல் அவசரம் கூடிற்று. காப்பகம் எத்தனை நல்லதாய் இருந்தாலும் அங்கே நூறோடு நூற்றொன்று. அதே கோர்ட்டுதான் ஆகஸ்ட் 22-ல், விருப்பமுள்ளவர்கள் தெருநாயைத் தத்தெடுக்கலாம், ஆனால் அது மறுபடி வீதிக்கு வராமல் பார்த்துக்கொள்வது அவர்கள் பொறுப்பு என்றும் சொல்லியிருந்தது. அந்தப் பொறுப்பை ஏற்கிற ஆளைத்தான் நான் தேடினேன்.

அமைந்த இடம்

கடைசியில் இருகூர்ப் பக்கம் தோட்டத்துச் சாளையில் தனியாக இருக்கும் ஓர் ஆத்தா. நாலு வெள்ளாடு, பத்துப் பதினைந்து கோழி. அவருடைய பழைய நாய் பதினோரு வருஷம் இருந்து செத்ததாம். புதைத்த இடத்தில் ஒரு செவ்வரளி வைத்திருந்தார். அதைப் பார்த்ததுமே எனக்கு மனசு ஒப்பிவிட்டது.

ஆனால் ஆத்தாவுக்கும் அதே தயக்கம். "பொட்டைக் குட்டியாச்சே கண்ணு" என்றார். "ஆறு மாசம் முடிஞ்சதும் ஆப்பரேஷனை நானே கூட்டிப் போய்ப் பண்ணித் தர்றனுங்க" என்றேன். "பாவமில்லையா?" என்றார். "பொறக்கிற குட்டியெல்லாம் ரோட்டுல அடிபட்டுச் சாகறது பாவமில்லீங்களா?" என்றதும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "செரி, கோழியைத் தொடாம இருந்தா வெச்சுக்கறேன். ஒரு வாரம் வுட்டுட்டுப் போ" என்றார்.

முதல் நாள் நீளக் கயிற்றில் கட்டி, வயிறாரச் சோறு போட்ட பிறகுதான் கோழியைத் திறந்துவிடச் சொன்னேன். இரண்டு நாள் துள்ளியது, அதட்டு வாங்கியது, மூன்றாம் நாள் கோழி மேலே ஏறி மிதித்தாலும் கண்ணை மூடிப் படுத்துக்கொண்டது. தீபத்துக்கு நாலு நாள் முன்னால் ஆத்தாவே, "செவலை இங்கியே இருக்கட்டும்" என்று ஆள் சொல்லி அனுப்பினார். தை மாதம் ஆப்பரேஷனும் நல்லபடியாக முடிந்தது. தையல் ஆறும்வரை பத்து நாள் ஆத்தா தன் கட்டிலுக்குக் கீழேயே படுக்க வைத்துக்கொண்டார்.

இடம் பார்க்கிறவர்கள் கவனத்துக்கு

1. போனில் பேசிக் கொடுக்காதீர்கள். வீட்டை நேரில் போய்ப் பாருங்கள். நிழல், தண்ணீர், சங்கிலியின் நீளம் மூன்றையும் பாருங்கள்.

2. முன்பு வளர்த்த நாய் என்னவாயிற்று என்று கேளுங்கள். பதிலிலேயே ஆளைத் தெரிந்துகொள்ளலாம்.

3. வீட்டில் எல்லோருக்கும் சம்மதமா என்று பாருங்கள். பிள்ளைகள் அடம்பிடிப்பதற்காக மட்டும் வாங்கினால், பரீட்சை வந்ததும் குட்டி வாசலுக்கு வந்துவிடும்.

4. குட்டி படுத்த பழைய துணியையும் சேர்த்துக் கொடுங்கள். பழகின வாசனை இருந்தால் ராத்திரி ஊளை குறையும். சாப்பாட்டையும் திடீரென்று மாற்ற வேண்டாம். வெங்காயம், சாக்லேட், வேகவைத்த கோழி எலும்பு மூன்றும் ஆகாது.

5. கழுத்துப் பட்டையில் போன் நம்பர் எழுதிக் கொடுங்கள். முதல் மாதம் வாரம் ஒரு தடவையாவது விசாரியுங்கள். ஒத்துவரவில்லை என்றால் ரோட்டில் விடாமல் உங்களிடமே திருப்பித் தரச் சொல்லுங்கள்.

வீதியில் கிடக்கும் எல்லா நாய்க்கும் நம்மால் வீடு பார்க்க முடியாதுதான். வருஷத்துக்கு ஒன்றுக்குப் பார்க்கலாம். அதுவும் பெண் குட்டியாய்ப் பார்த்து எடுத்து, ஆப்பரேஷனும் செய்துவிட்டால், பிறக்காமலே எத்தனையோ குட்டிகளை வீதியிலிருந்து காப்பாற்றியதாகும்.