கமெராவில் இலாபமில்லை, அசைவில்தான் இருக்கிறது

எனது கடையின் மேல்தட்டில் இன்றும் இரண்டு பெட்டி வெப்கேம் கிடக்கிறது. இனி எல்லா வீட்டிலும் கணனி இருக்கும், எல்லாக் கணனிக்கும் கமெரா தேவைப்படும் என்று நம்பி 2008 இல் மொத்தமாக இறக்கிய சரக்கு அது. நான் நினைத்தபடி தேவை வந்தது. ஆனால் கமெரா மடிக்கணனிக்கு உள்ளேயே பொருத்தப்பட்டு வந்துவிட்டது. போட்ட முதலில் பாதிகூடத் திரும்பவில்லை.

ஆகவே தங்கையின் மகன் ஒரு மாலை கடைக்கு வந்து, "மாமா, வெப்கேம் வைத்து ஒரு விளையாட்டுச் செய்திருக்கிறேன். மூன்று இலட்சம் போட்டு நீங்களும் பங்குக்கு வாங்க" என்றபோது, என் கண் தானாகவே மேல்தட்டுக்குப் போனது.

மடிக்கணனியை மேசையில் வைத்து, ஆறடி தள்ளி என்னை நிற்கச் சொன்னான். திரையில் நான் தெரிந்தேன். மேலிருந்து பழங்கள் விழுந்தன. கையை நீட்டிப் பிடிக்க வேண்டும், குனிந்து பொறுக்க வேண்டும். பத்து நிமிடத்தில் சட்டை நனைந்துவிட்டது. நீரிழிவுக்காக உடம்பை அசைக்கும்படி டொக்டர் பல வருடமாகச் சொல்லியும் நான் செய்யாததை இந்தப் பொடியனின் விளையாட்டு செய்ய வைத்தது.

என்றாலும் வியர்வையைப் பார்த்துப் பணம் போட முடியாதே. இத்தொழிலில் முன்னர் இறங்கியவர்களுக்கு என்ன நடந்தது என்று தேடிப் படித்தேன்.

1999 இல் சோனி கம்பனியில் சேர்ந்த ரிச்சர்ட் மார்க்ஸ் என்ற பொறியியலாளர், பிளேஸ்டேஷன் 2 இயந்திரத்துடன் சாதாரண வெப்கேம் ஒன்றை இணைத்துப் பார்த்தார். 2003 ஜூலையில் அது 'ஐடோய்' என்ற பெயரில் ஐரோப்பியச் சந்தைக்கு வந்தது. யன்னல் துடைப்பது, பாய்ந்து வரும் குட்டி வீரர்களைக் கையால் தட்டிவிடுவது போன்ற 12 சிறு விளையாட்டுகள் அதில் இருந்தன. கை எது, கால் எது என்று அந்தக் கமெராவுக்குத் தெரியாது. முந்திய படத்துக்கும் அடுத்த படத்துக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டுமே அது பார்த்தது. பின்னால் திரைச்சீலை ஆடினாலும் அதற்கு அது அசைவுதான். இருந்தும் 2008 முடிவதற்குள் ஒரு கோடிக்கு மேல் விற்றது. விலை மலிவு, சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை, எதிரே நின்றால் போதும்.

2010 நவம்பரில் மைக்ரோசொப்ட் 'கினெக்ட்' என்ற கமெராவைக் கொண்டு வந்தது. ஆழத்தையும் அளக்கும் உயர்ந்த சாதனம் அது. முதல் 60 நாட்களில் 80 இலட்சம் விற்றது. 2013 இல் அதைப் புதிய எக்ஸ்பொக்ஸ் வன் இயந்திரத்துடன் சேர்த்தே வாங்க வேண்டும் என்றார்கள். விலை 499 டொலர். போட்டியாளரின் பிளேஸ்டேஷன் 4 அப்போது 399 டொலர். அடுத்த வருடமே கமெரா இல்லாமல் 399 டொலருக்கு விற்க வேண்டி வந்தது. 2017 இல் கினெக்ட் தயாரிப்பே நின்றது.

இதைப் படித்ததும் என் பழைய நட்டம் எனக்கு விளங்கியது. வாடிக்கையாளரிடம் ஏற்கெனவே இருப்பதை, அல்லது அவர் கேட்காததை, அவர் தலையில் கட்ட முடியாது.

மருமகன் கமெரா விற்கவில்லை. கமெரா எல்லோரிடமும் இருக்கிறது. உடம்பின் 33 புள்ளிகளை, தோள், முழங்கை, முழங்கால் என்று அடையாளம் காணும் கூகுளின் மீடியாபைப் மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. படம் வெளியே எங்கும் போகாமல் கணனிக்குள்ளேயே கணக்கிடவும் அதனால் முடியும். வீட்டுப் பெண்களும் விளையாட வேண்டுமென்றால் இந்த ஒரு விடயத்தில் விட்டுக்கொடுக்கவே கூடாது என்று அவனிடம் கண்டிப்பாகச் சொன்னேன்.

மீதியிருப்பது ஒரே கேள்விதான். வயது வந்தவர்களுக்கு வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடலுழைப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார ஸ்தாபனம். முதல் நாள் எல்லோரும் துள்ளுவார்கள். நான்காவது வாரமும் துள்ளுவார்களா?

ஆகவே மூன்று இலட்சம் கொடுக்கவில்லை, ஒரு இலட்சம் கொடுத்தேன். "இருபது வீட்டில் இலவசமாகப் போட்டுக் கொடு. நான்காவது வாரமும் பாதி வீட்டில் விளையாடினால் மிச்சத்தைத் தருகிறேன்" என்றேன். அவனுக்கு முகம் சுருங்கியது. ஆனால் மறுக்கவில்லை.

இப்போது மூன்று வாரம் முடிந்திருக்கிறது. பன்னிரண்டு வீட்டில் விளையாடுகிறார்கள். நிறுத்திய எட்டு வீட்டில் மூன்றில் வெளிச்சம் போதாமல் கமெரா தடுமாறியதாம். ஐந்தில் அலுத்துவிட்டதாம். வெளிச்சக் குறையைச் சரிசெய்யலாம். அலுப்புக்குத்தான் அவன் மருந்து தேட வேண்டும். இந்த வாரம் இரவிரவாக உட்கார்ந்து, வீட்டில் இருவர் சேர்ந்து விளையாடும்படி மாற்றிக்கொண்டிருக்கிறான்.

வாசகர்களே, உங்கள் பிள்ளைகளும் இப்படி ஒரு யோசனையோடு வரக்கூடும். உடனே துரத்தவும் வேண்டாம், முழுப் பணத்தையும் நீட்டவும் வேண்டாம். சிறிய தொகை கொடுங்கள், ஒரு தவணை சொல்லுங்கள், எதை அளக்கப் போகிறீர்கள் என்பதையும் முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

மிச்ச இரண்டு இலட்சத்தை நான் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன்.