இறக்கத்தில் ஏமாந்தேன்!

சேலத்தில் வசிக்கும் குடும்பத் தலைவி நான். 2021-ல் ரத்தப் பரிசோதனை செய்தபோது, "சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது. தினமும் நடங்கள்" என்றார் டாக்டர். என் அம்மாவை இந்த சர்க்கரை நோய்க்குத்தான் பறிகொடுத்தேன். பயத்தில் நடக்க ஆரம்பித்தேன். நடை மெல்ல மெல்ல ஓட்டமாக மாறியது. "வயசுக்கு வந்த பொண்ணை வீட்டுல வச்சுக்கிட்டு, இவ ரோட்டுல ஓடறாளே!" என்று மாமியார் முணுமுணுத்தார். நான் காதில் போட்டுக் கொள்ளவில்லை.

2023-ல் ஏற்காட்டில் நடந்த ஒரு அரை மராத்தானுக்குப் பெயர் கொடுத்தேன். மொத்தம் 21 கி.மீ. காப்பித் தோட்டங்களுக்கு நடுவே இறங்கிப் போய், திரும்ப ஏறி வர வேண்டும். சமதரையில் 5 கி.மீ. ஓட எனக்கு 38 நிமிடம் ஆகும். அந்தக் கணக்கில் இரண்டே முக்கால் மணி நேரத்தில் முடித்துவிடலாம் என்று நினைத்தேன்.

காலைக் குளிரும் மிளகுக் கொடி வாசனையும் சேர்ந்து உற்சாகம் தலைக்கேறிவிட்டது. இறக்கம் வேறு தள்ளிக்கொண்டு போனது. முதல் 5 கி.மீ. 31 நிமிடத்தில் முடிந்தது. 'அட, நாமா இது!' என்று எனக்கே பெருமை தாங்கவில்லை. ஆழம் தெரியாமல் காலை விட்டேன் என்பது 14-வது கிலோமீட்டரில்தான் புரிந்தது. ஏற்றத்தில் தொடை கல்லாகிவிட்டது. மூச்சு வாங்கி, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஓட முடியாதவர்களை ஏற்றிக்கொள்ளும் வேன் பக்கத்தில் வந்து நின்றது. ஏறிவிடலாமா என்று ஒரு நிமிடம் மனசு தடுமாறியது. ஏறியிருந்தால் வீட்டில் என் ஓட்டம் அன்றோடு நின்றிருக்கும்.

அப்போது தலையில் விறகுக்கட்டோடு ஒரு பாட்டி என்னைத் தாண்டி ஏறினார். ஒரே சீரான நடை. "மூச்சு வாங்கறதுக்கு முன்னாடியே மெதுவாப் போவணும் கண்ணு. வாங்கினப்புறம் நின்னா காலு எழும்பாது" என்று சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருந்தார். அவர் பின்னாலேயே நடந்தேன். எப்படியோ 3 மணி 10 நிமிடத்தில் முடித்தேன். ஏழு நிமிடம் மிச்சம் பிடிக்கப் போய் 25 நிமிடத்தைத் தொலைத்தேன்! அடுத்த இரண்டு நாள் மாடிப்படி இறங்கக்கூட முடியவில்லை.

பிறகுதான் விசாரித்துத் தெரிந்து கொண்டேன். இறக்கத்தில் உடம்பின் வேகத்தைப் பிடித்து நிறுத்துவது தொடைத் தசைதான். அது இழுபட்டுக்கொண்டே பாரம் தாங்குவதால் உள்ளுக்குள் நுண்ணிய கிழிசல்கள் விழுகின்றன. அந்த வலி உடனே தெரியாது. தவிர, வேகமாக ஓடினால் தசையில் சேமித்து வைத்திருக்கும் மாவுச்சத்தும் சீக்கிரமே கரைந்துவிடும்.

இது எனக்கு மட்டும் நடந்த கதை இல்லை. அமெரிக்காவில் 1897 முதல் நடக்கும் பாஸ்டன் மராத்தானிலும் ஆரம்பத்தில் நல்ல இறக்கமாம். அதில் பறந்துவிட்டு, 32 கி.மீ.க்கு மேல் வரும் 'மனமுடைக்கும் குன்றில்' திணறுபவர்கள் ஏராளம். அந்தக் குன்று ஏறும் உயரம் 27 மீட்டர்தான்! அதே பந்தயத்தில் 1966-ல் பாபி கிப் என்ற பெண், அனுமதி கிடைக்காததால் புதரில் ஒளிந்திருந்து ஓடி முடித்தார். பெண்களை முறைப்படி சேர்த்துக் கொண்டது 1972-ல்தான். இதைப் படித்ததும் மாமியாரின் முணுமுணுப்பு எனக்குப் பெரிதாகவே தெரியவில்லை.

2024-ல் மறுபடியும் அதே பாதையில் ஓடினேன். பக்கத்தில் ஓடுபவரோடு நாலு வார்த்தை பேச முடிகிற அளவுதான் வேகம். இறக்கத்தில் வேண்டுமென்றே அடக்கிப் பிடித்து, சின்னச் சின்ன எட்டாக வைத்தேன். முதல் 5 கி.மீ.க்கு 40 நிமிடம் ஆனது. எத்தனையோ பேர் என்னைத் தாண்டிப் போனார்கள். செங்குத்தான ஏற்றத்தில் வெட்கப்படாமல் நடந்தேன். தாகம் எடுக்கும் வரை காத்திராமல் உப்புப் போட்ட எலுமிச்சை ஜூஸை ஒவ்வொரு வாயாகக் குடித்தேன். 2 மணி 42 நிமிடத்தில் முடித்துவிட்டேன். தாண்டிப் போனவர்களில் பலரை ஏற்றத்தில் நான் தாண்டினேன்!

தோழிகளே, நம் வீட்டு வேலையும் இப்படித்தானே? பண்டிகை நாளில் காலையிலேயே எல்லாவற்றையும் இழுத்துப் போட்டுச் செய்துவிட்டு, சாயந்தரம் பிள்ளைகள் மேல் எரிந்து விழுகிறோம். பதறாத காரியம் சிதறாது. இப்போது தீபாவளிப் பலகாரத்தைக்கூட மூன்று நாளாகப் பிரித்துத்தான் செய்கிறேன்.

இரண்டாவது தடவை ஏற்காட்டுக்கு மாமியாரும் வந்திருந்தார். பிளாஸ்கில் இருந்து கஞ்சியை ஊற்றிக் கொடுத்தபடி, "போன தடவை பேயறைஞ்ச மாதிரி வந்தே. இப்பத்தான் மூஞ்சி தெளிவா இருக்கு" என்றார். எனக்குக் கிடைத்த மெடலைவிட அது பெரிசு!

- ஒரு வாசகி, சேலம்.