வீட்டுக் கழிவுநீர்க் குழாய் அடைப்பு

வீட்டுக் கழிவுநீர்க் குழாய் அடைப்பு என்பது சமையலறை, குளியலறை, கழிவறை ஆகியவற்றிலிருந்து வெளியேறும் நீர், குழாயில் படிந்த அல்லது சிக்கிய பொருள்களால் தடைபட்டுத் தேங்குவதாகும். எப்போதோ ஒருமுறை வரும் அடைப்பு பெரும்பாலும் தற்செயலானது; ஒரு துணியோ மூடியோ உள்ளே விழுந்திருக்கும். நீக்கிய சில வாரங்களிலேயே திரும்ப வரும் அடைப்பு, குழாயின் அமைப்பிலோ வீட்டின் பழக்கத்திலோ உள்ள குறையைக் காட்டுகிறது. அடைப்பைத் துளைத்து நீரை ஓடவிடுவதால் மட்டும் அக்குறை தீராது. அடைப்பு எங்கே, எதனால் ஏற்பட்டது என்று அறிந்தால்தான் நிலையான தீர்வு கிடைக்கும்.

குழாய் அமைப்பு

வாஷ்பேசின், சமையலறைத் தொட்டி ஆகியவற்றின் அடியில் வளைந்த குழாயோ குப்பி வடிவ உறுப்போ இருக்கும். டிராப் எனப்படும் இதில் எப்போதும் சிறிது நீர் நின்று, சாக்கடை வாயு வீட்டுக்குள் வராமல் தடுக்கும். குளியலறைத் தரையில் இதே வேலையை நஹானி டிராப் செய்கிறது. வளைவான இடம் என்பதால் முடியும் அழுக்கும் முதலில் தங்குவதும் இங்கேதான்.

டிராப்பைக் கடந்த நீர், வீட்டுக்கு வெளியே உள்ள சேம்பர் எனப்படும் ஆய்வுத் தொட்டிகள் வழியாகப் பாதாளச் சாக்கடைக்கோ செப்டிக் டேங்குக்கோ செல்லும். குழாய் தன்னைத்தானே அலசிக்கொள்ள, நீர் நொடிக்கு ஏறத்தாழ 0.6 மீட்டர் வேகத்திலாவது ஓட வேண்டும். வீட்டின் 100 மி.மீ. குழாய்க்கு மீட்டருக்கு ஏறத்தாழ 2 முதல் 2.5 செ.மீ. சரிவு கொடுப்பது வழக்கம். சரிவு குறைந்தாலோ, மண் அமிழ்ந்து குழாய் நடுவில் தொய்ந்தாலோ கசடு அங்கே தங்கிவிடும்.

காரணங்கள்

சமையலறைக் குழாயில் முதன்மைக் காரணம் எண்ணெய்ப் பிசுக்கு. சூடாக ஊற்றப்படும் எண்ணெய், குழாயில் குளிர்ந்து சுவரில் ஒட்டுகிறது. தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 24 பாகை செல்சியசுக்குக் கீழே உறைந்துவிடும். இப்பிசுக்கின் மேல் சோற்றுப் பருக்கை, கஞ்சி, புளிச்சக்கை, தேயிலைத் தூள் ஆகியவை படிந்து குழாயின் உள்விட்டம் நாளுக்கு நாள் சுருங்குகிறது. 2017-இல் இலண்டன் வைட்சேப்பல் பகுதியின் சாக்கடையில் 250 மீட்டர் நீளத்தில், ஏறத்தாழ 130 டன் எடையுள்ள கொழுப்புப் பாறை கண்டறியப்பட்டது. கொழுப்புடன் ஈரத் துடைப்பான்களும் பிற கழிவுகளும் சேர்ந்து அது உருவாகியிருந்தது.

குளியலறையில் தலைமுடி வலைபோல் பின்னிக்கொள்ள, அதில் சோப்பு, சீயக்காய், அரப்பு ஆகியவற்றின் கசடு சேர்கிறது. ஆழ்குழாய்க் கிணற்றின் கடினநீரில் உள்ள கால்சியம், சோப்புடன் சேர்ந்து நீரில் கரையாத வெண்படிவமாகிறது. கழிவறையில் சானிட்டரி நாப்கின், டயப்பர், ஈரத் துடைப்பான் ஆகியவற்றைப் போடுவது முக்கியக் காரணம். இவை நீரில் கரைவதில்லை. வெளிக்குழாயில், இணைப்பு விரிசல்களின் வழியே நுழையும் மரவேர்களும், கழிவுநீர்க் குழாயில் திருப்பிவிடப்படும் மழைநீரும் சிக்கலை உண்டாக்கும்.

இடத்தைக் கண்டறிதல்

ஓர் இடத்தில் மட்டும் நீர் தேங்கினால், குறை அதன் டிராப்பிலோ அதை ஒட்டிய குழாயிலோ இருக்கும். ஒரே தளத்தில் பல இடங்களில் தேங்கினால் அவை சேரும் கிளைக்குழாயில் அடைப்பு. மாடியில் குளிக்கும்போது கீழ்த்தளக் குளியலறையில் நீர் பொங்கினால் முதன்மைக் குழாய் அடைபட்டிருக்கிறது. 'களக் களக்' என்ற ஒலியும் நாற்றமும் வந்தால் காற்றுப்போக்கிக் குழாயையும் பார்க்க வேண்டும்.

வீட்டை அடுத்துள்ள சேம்பரின் மூடியைத் திறந்து பார்ப்பது எளிய சோதனை. சேம்பர் நிரம்பியிருந்தால் அடைப்பு அதற்கு அப்பால் உள்ளது. காலியாக இருந்தால் வீட்டுக்கும் சேம்பருக்கும் இடையே உள்ளது.

நீக்கும் முறைகள்

முதலில் டிராப்பின் அடியில் வாளியை வைத்து, அதைக் கழற்றிக் கழுவ வேண்டும். அடுத்து பிளஞ்சரால் அழுத்தி இழுக்கலாம். வாஷ்பேசினில் அப்போது மேல்துளையை ஈரத்துணியால் மூடாவிட்டால் அழுத்தம் கிடைக்காது. குழாயின் உள்ளே தள்ளியிருக்கும் அடைப்புக்கு ஸ்பிரிங் கம்பியும், வெளிக்குழாய்க்கு உயரழுத்த நீரைப் பாய்ச்சும் ஜெட் ராடிங் இயந்திரமும் பயன்படுகின்றன. குழாய் தொய்ந்தோ வேர் புகுந்தோ இருந்தால், அப்பகுதியைத் தோண்டி மாற்றுவதே தீர்வு.

சமையல் சோடாவும் வினிகரும் கலந்தால் நுரை எழும். ஆனால் இரண்டும் ஒன்றையொன்று நடுநிலையாக்கிவிடுவதால் கொழுப்பு கரைவதில்லை. காஸ்டிக் சோடா முடியையும் கொழுப்பையும் கரைக்கும். அதேசமயம் கடும் வெப்பத்தை வெளியிட்டுத் தோலையும் கண்ணையும் புண்ணாக்கும். ஆசிட் ஊற்றிய குழாயில் பிளீச்சிங் பவுடரைப் போட்டால் நச்சுக் குளோரின் வாயு எழும். கொதிநீர் பி.வி.சி. குழாயை இளக்கும் என்பதால் வெதுவெதுப்பான நீரே போதும். வேதிப்பொருள் ஊற்றியும் அடைப்பு நீங்காவிட்டால், பின்னர் குழாயைக் கழற்றுபவரிடம் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

தடுப்பு

1. எண்ணெய்ப் பாத்திரத்தைப் பழைய தாளால் துடைத்தபின் கழுவுதல்.
2. தொட்டியிலும் குளியலறைத் தரையிலும் சல்லடை மூடி பொருத்தி, நாள்தோறும் குப்பையை அள்ளுதல்.
3. நஹானி டிராப்பை மாதம் ஒருமுறை திறந்து கழுவுதல்.
4. மழைநீரைக் கழிவுநீர்க் குழாயுடன் இணைக்காதிருத்தல்.
5. செப்டிக் டேங்கை 2 முதல் 3 ஆண்டுகளுக்கு ஒருமுறை லாரி மூலம் உறிஞ்சி எடுத்தல்.

மனிதரை இறக்குவதற்குத் தடை

அடைப்பு தொடரும்போது, ஒருவரைக் கூலிக்கு அழைத்து செப்டிக் டேங்கிலோ மேன்ஹோலிலோ இறங்கச் சொல்வதுண்டு. அங்கு தேங்கும் ஹைட்ரஜன் சல்பைடு, செறிவு மிகும்போது முகரும் திறனையே மழுங்கடித்துவிடும். எனவே நாற்றம் இல்லை என்பது பாதுகாப்பின் அடையாளமாகாது. உள்ளே மயங்கியவரைக் காப்பாற்ற இறங்குபவரும் உயிரிழக்கிறார்.

மனிதக் கழிவை மனிதரே அகற்றுவதைத் தடைசெய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, பாதுகாப்புக் கருவிகளின்றிச் சாக்கடையையோ செப்டிக் டேங்கையோ சுத்தம் செய்ய யாரையும் நேரடியாகவோ மறைமுகமாகவோ அமர்த்தக் கூடாது. இத்தடை உள்ளாட்சி அமைப்புகளுக்கும் ஒப்பந்ததாரர்களுக்கும் மட்டுமன்றி, வீட்டு உரிமையாளருக்கும் பொருந்தும். முதல் குற்றத்துக்கு 2 ஆண்டு வரை சிறை அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். சாக்கடையில் இறப்போரின் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் வழங்க 2014-இல் உத்தரவிட்ட உச்ச நீதிமன்றம், 2023 அக்டோபரில் அத்தொகையை 30 லட்சமாக உயர்த்தியது. இயந்திரம் மூலம் சுத்தம் செய்யும் உதவிக்கு உள்ளாட்சி அமைப்பையோ 14420 என்ற எண்ணையோ அணுகலாம்.