சொந்தமாக ஒரு சாட் சர்வர்

வாட்ஸ்அப், டெலிகிராம், ஜோஹோவின் அரட்டை என எதில் கணக்கு வைத்திருந்தாலும் செய்தி அந்தந்த நிறுவனத்தின் சர்வர் வழியாகவே போகிறது. 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக்கில் ஏற்பட்ட கோளாறால் வாட்ஸ்அப் சுமார் ஆறு மணி நேரம் முடங்கியபோது, காத்திருப்பதைத் தவிர பயனருக்கு வேறு வழி இருக்கவில்லை.

சர்வரையே சொந்தமாக நடத்துவோரும் உண்டு. 1999-ல் ஜாபர் என்று தொடங்கிய எக்ஸ்எம்பிபி, 2014-ல் வந்த மேட்ரிக்ஸ் ஆகிய திறந்த நெறிமுறைகள் இதற்கு உதவுகின்றன. ஜிமெயிலிலிருந்து யாஹூவுக்கு எழுத முடிவதுபோல, ஒரே நெறிமுறையைப் பயன்படுத்தும் வரை, ஒரு சர்வரில் இருப்பவர் இன்னொரு சர்வரில் இருப்பவரோடு பேசலாம். மென்பொருளுக்குக் காசு இல்லை. பராமரிப்புதான் தலைவலி.

மும்பைக்கு அருகே அம்பர்நாத்தில் ஒரு குடும்பம் இப்படியொரு சர்வரை வீட்டிலேயே வைப்பதாகக் கொள்வோம். எக்ஸ்எம்பிபிக்கான சர்வர் மென்பொருள் புரோசோடி, ராஸ்பெரி பை போன்ற சிறு கணினியிலேயே ஓடும். மேட்ரிக்ஸுக்கான சினாப்ஸ் மென்பொருளுக்கு நினைவகம் அதிகம் வேண்டும்; பெரிய குழுக்களில் சேர்ந்தால் தரவுத்தளம் வீங்கிவிடும். மாநில மின்விநியோக நிறுவனமான மகாவிதரண் மின்சாரத்தை நிறுத்தும்போது ரவுட்டருக்கும் சேர்த்து இன்வெர்ட்டர் தேவை. பல இணைய நிறுவனங்கள் ஒரே பொது ஐபி முகவரியைப் பல வீடுகளுக்குப் பகிர்வதால், வெளியிலிருந்து வரும் இணைப்பு வீட்டுச் சர்வரின் 5222, 5269 போர்ட்டுகளை எட்டாமலே போகலாம். எனவே வாடகைக்குக் கிளவுட் சர்வர் எடுப்பதே நடைமுறை. அதன்பிறகும் பேக்கப், பாதுகாப்புத் திருத்தங்கள், இணைப்பைப் பாதுகாக்கும் லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழ் என்று வேலை இருக்கும். அச்சான்றிதழின் தானியங்கிப் புதுப்பிப்பு சத்தமில்லாமல் நின்றுபோனால், அது காலாவதியாகி ஒருநாள் காலையில் வீட்டில் யாருடைய போனுக்கும் செய்தி வராது.

ரகசியத்துக்காகவே சர்வர் வேண்டும் என்பது பாதிதான் சரி. வாட்ஸ்அப் செய்திகள் 2016 முதலே முழுமையாகக் குறியாக்கம் பெறுகின்றன. யார், யாரோடு, எப்போது பேசினார் என்ற பதிவு யார் கையில் இருக்கிறது என்பதில்தான் வேறுபாடு. சொந்த சர்வரில் அது அட்மின் கையில், அதாவது சர்வரைப் பார்த்துக்கொள்ளும் வீட்டுப் பிள்ளையின் கையில் இருக்கும். எல்லாக் குடும்பங்களும் இதை விரும்பும் என்று சொல்ல முடியாது.

ஆனால் சொசைட்டி குரூப்பும் பள்ளிக் குரூப்பும் ஊர் உறவினரும் வாட்ஸ்அப்பில்தான் இருக்கிறார்கள். பெரிய நிறுவனம் கதவைத் திறந்தாலும் அது நிலைக்கும் என்பதில்லை: 2006-ல் பிற எக்ஸ்எம்பிபி சர்வர்களுக்குக் கதவு திறந்த கூகுள் டாக், 2013-ல் ஹேங்அவுட்ஸுக்கு மாறத் தொடங்கியதும் அந்தக் கதவு அடைபடலாயிற்று. தனிச் சர்வர் வைத்திருந்தவர்கள் ஜிமெயில் நண்பர்களை இழந்தார்கள்.

நடுவழியும் உண்டு. கட்டற்ற மென்பொருள் சமூகத்தினர் நடத்தும் பொதுச் சர்வரில் கணக்கு தொடங்கலாம். பராமரிப்பைத் தன்னார்வலர்கள் பார்த்துக்கொள்கிறார்கள். அல்லது டொமைனை மட்டும் சொந்தமாக வாங்கி, சர்வரைக் கட்டணச் சேவையிடம் விடலாம். அப்போது சேவையை மாற்றினாலும் முகவரி மாறாது. டொமைன் கட்டணத்தைக் கட்ட மறந்தால் மட்டும் அந்த முகவரி வேறொருவர் கைக்குப் போய்விடலாம்.