சிறு காரின் பெரு வேகம்

வானொலி அலையினால் இயக்கப்படும் விளையாட்டுக் காரொன்றை வாங்கியவர், முதல் நாள் அது ஓடுவதைக் கண்டு மகிழ்கின்றார். மறுவாரமே, இது இன்னும் சற்று விரைந்து ஓடலாகாதா என ஏங்கத் தொடங்குகின்றார். இவ்வேக்கம் சிறுவர்க்கு மட்டும் உரியதன்று. தலை நரைத்தவர்களும் முற்றத்திலே முழந்தாளிட்டிருந்து, கையடக்கமான மோட்டாரைக் கழற்றிப் பூட்டுவதைக் காணலாம். ஆனால் வேகத்தை விரும்புவோர் பலர் முதலில் மோட்டாரை மாற்றிவிட்டுப் பின்னரே ஏனைய உறுப்புக்களைப்பற்றிச் சிந்திக்கின்றனர். பணம் வீணாவதற்கும், பற்சில்லுகள் உடைவதற்கும், சில வேளைகளில் தீப்பற்றுவதற்கும் இந்தத் தலைகீழான முறையே காரணமாகும்.

கம்பித் தொடர்பின்றி ஒரு பொருளைத் தொலைவிலிருந்து இயக்கலாம் என்பதை 1898 ஆம் ஆண்டிலே நிக்கொலா தெஸ்லா நியூயோர்க் நகரில் ஒரு சிறு படகைக் கொண்டு காட்டினார். அக்கலை வீட்டு முற்றத்துக்கு வந்து சேரப் பல்லாண்டுகள் சென்றன. யப்பானிய நிறுவனமாகிய தமியா 1976 இல் தனது முதலாவது வானொலிக் காரை வெளியிட்டது. அந்நிறுவனம் 1984 இல் வெளியிட்ட ‘கிராஸ்ஹாப்பர்’, அதாவது வெட்டுக்கிளி என்னும் சிறு கார், பல நாடுகளிலும் புதியவர்களின் முதற் காராக அமைந்தது. 2000 ஆம் ஆண்டுக்குப் பின்னரும் அது மீண்டும் வெளியிடப்பட்டது. வேகத்தை உயர்த்தும் கலையை விளக்குவதற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டுக் கிடைப்பது அரிது.

வெட்டுக்கிளியில் இருந்தது 380 என்னும் இலக்கமுடைய மின்மோட்டார். அதன் உடல் ஏறத்தாழ 28 மில்லிமீற்றர் விட்டமுடையது. அதே ஆண்டில் அதே நிறுவனம் ‘ஹோர்னெற்’, அதாவது குளவி என்னும் மற்றொரு காரையும் வெளியிட்டது. அதிலே 36 மில்லிமீற்றர் விட்டமுள்ள 540 மோட்டார் பூட்டப்பட்டிருந்தது. வெட்டுக்கிளியை வைத்திருந்தவர்கள் அந்தப் பெரிய மோட்டாரைத் தேடிச் சென்றதில் வியப்பில்லை. ஆயினும் அவர்களுட் பலர் கவனியாது விட்ட ஒன்று உண்டு. மோட்டாரைப் பெரிதாக்கிய நிறுவனம் அத்துடன் நின்றுவிடவில்லை. குளவியின் பின்பக்கத்துக்கு எண்ணெய் நிரப்பிய அதிர்வுதாங்கிகளையும் கொடுத்தது. வேகம் கூடும்போது அதனைத் தாங்கும் உறுப்புக்களும் உடன் கூடவேண்டும் என்னும் பாடம் அவ்விரு கார்களிலேயே அடங்கியுள்ளது.

இனி, வேகம் எவ்வாறு பிறக்கின்றது என்பதை நோக்குவோம். அது மூன்று அளவுகளைப் பொறுத்தது: மோட்டார் நிமிடமொன்றுக்குச் சுழலும் தடவைகள், பற்சில்லுகளின் விகிதம், சில்லின் சுற்றளவு. தற்காலத்திற் பெருவழக்காகவுள்ள தூரிகையற்ற மோட்டார்களில், வோல்ற்று ஒன்றுக்கு எத்தனை சுழற்சி என்னும் எண் பொறிக்கப்பட்டிருக்கும். அவ்வெண் 3,300 என்றும், மின்கலத்தின் அழுத்தம் 7.4 வோல்ற்று என்றும் கொள்வோமாயின், மோட்டார் சுமையின்றி நிமிடத்துக்கு 24,420 தடவை சுழலும். பற்சில்லுகள் அதனை எட்டில் ஒன்றாகக் குறைத்தால், சில்லு ஏறத்தாழ 3,050 தடவை சுழலும். சில்லின் விட்டம் 85 மில்லிமீற்றராயின், அதன் சுற்றளவு 267 மில்லிமீற்றர். பெருக்கிப் பார்த்தால் மணிக்கு ஏறக்குறைய 49 கிலோமீற்றர் என்னும் விடை கிடைக்கும். இது தாளிற் கிடைக்கும் வேகம். தரையிற் கிடைப்பது இதனினும் குறைவே.

இக்கணக்கைக் கண்டவுடன், மோட்டாரின் அச்சிலுள்ள சிறு பற்சில்லைச் சற்றுப் பெரிதாக்கினால் வேகம் கூடுமே என்று தோன்றும். உண்மைதான். இருபது பற்களுக்குப் பதிலாக இருபத்திரண்டு பற்களைக் கொண்ட சில்லைப் பூட்டினால், கணக்குப்படி வேகம் பத்து வீதம் உயரும். ஆனால் மோட்டார் அதற்கேற்ப மிகுந்த பாரத்தைத் தள்ளவேண்டும். ஆகவே மிகுந்த மின்னோட்டத்தை இழுக்கும். மின்னோட்டம் இருமடங்கானால், கம்பிச் சுருளில் எழும் வெப்பம் நான்கு மடங்காகும். எனவே, ஒரு வேளையில் ஓரிரு பற்களுக்கு மேல் மாற்றாமல், சில நிமிடம் ஓட்டி, மோட்டாரைத் தொட்டுப் பார்த்தல் வேண்டும். விரலைச் சில விநாடியேனும் வைத்திருக்க இயலாவிடின், பழைய பற்சில்லுக்கே திரும்புவது அறிவுடைமை. அளவுக்கு மீறிய சூடு மோட்டாரிலுள்ள காந்தத்தின் வலிமையையே குறைத்துவிடும்; அவ்வாறு இழந்த வலிமை, மோட்டார் ஆறிய பின்னரும் முழுமையாகத் திரும்பி வராது.

மின்கலத்தை மாற்றுவது இரண்டாவது வழி. முற்காலக் கார்களில் 1.2 வோல்ற்று வீதம் ஆறு நிக்கல் கலங்கள் சேர்ந்து 7.2 வோல்ற்றைக் கொடுத்தன. இக்கால இலிதியம் பொலிமர் கலங்கள் இரண்டே 7.4 வோல்ற்றைக் கொடுக்கின்றன. பாரம் குறைவு, மின்னோட்டத்தை வழங்கும் ஆற்றலோ மிக அதிகம். ஆயினும் இவை கவனத்தோடு கையாளப்படவேண்டியவை. கலமொன்று 4.2 வோல்ற்றுக்கு மேல் மின்னேற்றப்படலாகாது. ஏறத்தாழ 3 வோல்ற்றுக்குக் கீழே இறங்கவும் விடலாகாது. 1984 ஆம் ஆண்டின் வெட்டுக்கிளியில் இருந்ததுபோன்ற பழைய பொறிமுறை வேகக் கட்டுப்படுத்திக்குக் கலம் இறங்குவதை அறியும் ஆற்றல் இல்லை. அத்தகைய காரில் இலிதியக் கலத்தைப் பூட்டுவோர், குறைந்த அழுத்தத்தில் ஓட்டத்தை நிறுத்தும் மின்னணுக் கட்டுப்படுத்தியையும் உடன் பூட்டுதல் வேண்டும். அடிபட்டு நெளிந்த கலத்தையும் வீங்கிய கலத்தையும் மின்னேற்றுதல் தீயை வலிந்து அழைப்பதாகும். நல்ல கலமேயாயினும், மின்னேறும்போது அதனைத் தனியே விட்டு அகலலாகாது.

மூன்றாவது வழி மலிவானது. பலராலும் புறக்கணிக்கப்படுவதும் அதுவே. அஃதாவது, இருக்கும் வலு வீணாகாமற் காத்தல். மலிவான கார்கள் பலவற்றில் அச்சுக்கள் பிளாஸ்ரிக் வளையங்களிலே சுழல்கின்றன. அவற்றை நீக்கிக் குண்டுப் போதிகைகளை இட்டால், மோட்டாரைத் தொடாமலே கார் இலகுவாக ஓடும். மின்கலமும் சற்று நீடித்து உழைக்கும். பற்சில்லுகள் இரண்டும் மிக நெருங்கினால் அரைபடும். மிக விலகினால் பற்கள் வழுக்கி முறியும். பழகியவர்கள் மெல்லிய கடதாசித் துண்டொன்றை இரண்டுக்கும் இடையே வைத்து இறுக்கிப் பின் அதனை உருவிவிடுவார்கள். அக்கடதாசியின் தடிப்பே சரியான இடைவெளி. பின்னர் சில்லைக் கையாற் சுழற்றினால், அது தடையின்றி ஓடவேண்டும். அவ்வாறு ஓடாத காருக்குப் பெரிய மோட்டாரைப் பூட்டுவது, ஓட்டைக் குடத்திற்குப் பெரிய வாளியால் நீர் ஊற்றுவதை ஒக்கும்.

நிலத்தைப் பற்றும் உறுப்புக்களும் புறக்கணிக்கத்தக்கன அல்ல. டயர் வழுக்கினால் மோட்டாரின் வலு புழுதியைக் கிளப்புவதிலேயே கழியும். மென்மையான டயர்கள் மிகுந்த சுழற்சியில் ஊதிப் பெருத்துக் காரைத் தள்ளாடச் செய்வதும் உண்டு. வெட்டுக்கிளியிற் பின்னச்சும் பற்சில்லுப் பெட்டியும் மோட்டாரும் ஒன்றாகவே மேலும் கீழும் அசைகின்றன. ஆகையால் ஒருபக்கச் சில்லு மேட்டில் ஏறினால் மறுபக்கமும் அதன் தாக்கத்தை உணரும். கரடான தரையில் அது பெயருக்கேற்பத் தத்திச் செல்லும். அதற்கு நல்ல எண்ணெய் அதிர்வுதாங்கிகள் கொடுக்கும் நன்மையைப் பெரிய மோட்டார் கொடுக்கமாட்டாது. வளைவுகளில் விரைந்து திரும்ப இயலாத கார், நேர்வழியில் ஈட்டியதை அங்கே இழந்துவிடும்.

வேகத்தின் விலை மற்றோரிடத்திலும் கேட்கப்படுகின்றது. வேகம் இருமடங்கானால், மோதலின் ஆற்றல் நான்கு மடங்காகும். நிறுத்துவதற்கு வேண்டிய தூரமும் ஏறத்தாழ அவ்வாறே பெருகும். ஒன்றரைக் கிலோகிராம் நிறையுள்ள கார் மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் மோதுவது, அதே நிறையுள்ள கல்லொன்று பத்து மீற்றர் உயரத்திலிருந்து விழுவதற்கு ஒப்பாகும். அக்கல் ஒரு குழந்தையின் காலில் விழுவதை எவரும் விரும்பார். ஆகவே விரைந்தோடும் காருக்கு உரிய இடம் தெருவன்று. ஆளற்ற திறந்த வெளியே. வானொலித் தொடர்பு அறுந்தால் மோட்டார் தானே நிற்கும்படி வாங்கியில் ஒழுங்கு செய்திருத்தலும் இன்றியமையாதது. காரைத் தரையிலிருந்து தூக்கிப் பிடித்து, மெதுவாக ஓடவிட்டு, செலுத்தியை அணைத்துப் பார்த்தால், அவ்வொழுங்கு செயற்படுகின்றதா என்பது உடனே தெரிந்துவிடும்.

ஆகவே, மாற்றங்களைச் செய்யவேண்டிய வரிசை தெளிவாகின்றது. முதலில் உராய்வைக் குறைத்தல்; அடுத்து டயரையும் அதிர்வுதாங்கியையும் சீராக்குதல்; பின்னர் கட்டுப்படுத்தியையும் மின்கலத்தையும் ஒன்றுக்கொன்று பொருந்த அமைத்தல்; இறுதியிலேதான் மோட்டாரும் பற்சில்லும். ஒவ்வொரு மாற்றத்தின் பின்னும் ஒரே தூரத்தை ஓட்டி, மணிக்கூட்டைப் பார்த்துக் குறித்துக்கொள்ளல் வேண்டும். ஒரே நாளில் யாவற்றையும் மாற்றியவருக்கு, எது பயன் தந்தது, எது கெடுத்தது என்பது ஒருபோதும் தெரியவராது. பதறாத காரியம் சிதறாது என்பது முதுமொழி; கையளவு காருக்கும் அது பொருந்தும்.