கருத்து வேறு, மதிப்பெண் வேறு

2016 பிப்ரவரியில் மாணவர் தலைவர் கன்னையா குமார் தேசத்துரோக வழக்கில் கைதானதும், டெல்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் நிர்வாகக் கட்டட வாசலில் தேசியம் பற்றி வரிசையாக உரையாற்றினார்கள். கோபால் குரு பேசினார், ரொமிலா தாப்பர் பேசினார். நிவேதிதா மேனன் காஷ்மீர் பற்றிச் சொன்னது பெரும் சர்ச்சையானது. ஆனால், பிடிக்காத மாணவர் எழுந்து போயிருக்கலாம். அங்கே வருகைப் பதிவும் இல்லை, தேர்வும் இல்லை.

வகுப்பறையில் அந்தச் சுதந்திரம் கிடையாது. வருகையைக் குறிப்பவரும் அகமதிப்பீட்டு மதிப்பெண் போடுபவரும் ஒருவரே. ஜெர்மன் சமூகவியலாளர் மாக்ஸ் வேபர் 1917-ல் மியூனிக்கில் மாணவர்களிடம் பேசும்போது இதைத்தான் கண்டித்தார்: எதிர்த்துப் பேச முடியாதவர்கள் முன்னால் ஆசிரியர் தன் கட்சியைப் பேசக் கூடாது, அவரவர் கட்சிக்குச் சங்கடமான உண்மைகளையும் ஏற்கப் பழக்குவதே அவர் வேலை.

அதற்காக, மாணவருக்குப் பிடிக்காத பாடமெல்லாம் அரசியல் ஆகிவிடாது. அறிஞர் ஏ.கே. ராமானுஜனின் 'முந்நூறு ராமாயணங்கள்' கட்டுரை வால்மீகியின் அகலிகையையும் கம்பரின் அகலிகையையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறது. அது பாடத்தில் இருந்ததற்காக 2008-ல் டெல்லிப் பல்கலைக்கழக வரலாற்றுத் துறை சூறையாடப்பட்டது. நிபுணர் குழுவின் நால்வரில் மூவர் ஆட்சேபிக்க ஏதுமில்லை என்ற பிறகும் 2011-ல் கட்டுரை நீக்கப்பட்டது. கம்பரைப் படித்த நமக்கு அது இன்றும் வலிக்கிறது. ஆசிரியர் மீது கோபப்படும் மாணவர் எந்தப் பக்கம் போய்விடக் கூடாது என்பதற்கு அந்தச் சம்பவமே சாட்சி.

ஆகவே ஆசிரியர் வகுப்பில் அரசியல் பேசினால் முதலில் கேட்க வேண்டியது, 'அவர் என்ன கட்சி' என்பதல்ல. மாறுபட்டு எழுதினால் மதிப்பெண் குறைகிறதா என்பதுதான். குறையவில்லை என்றால் வாதாடுங்கள். அவர் சொன்னதற்கு எதிரான ஆதாரத்தைக் கட்டுரையில் வையுங்கள், வகுப்பு முடிந்ததும் நேரில் போய்ப் பேசுங்கள். தமிழ்நாட்டிலிருந்து டெல்லிக்குப் படிக்கப் போகும் பிள்ளைகள் இந்தி தடுமாறுகிறதே என்று வாய்மூடி இருந்துவிடுகிறார்கள். அது வேண்டாம், எழுத்தில் கேளுங்கள். பேச்சை ஒளிப்பதிவு செய்து, ஒரு துண்டை வெட்டிப் பரப்புவது மட்டும் கூடவே கூடாது. முன்பின் இல்லாத துண்டு ஒருவரின் பிழைப்பையே பறித்துவிடும்.

மதிப்பெண்ணில் கைவைத்தால் கதை வேறு. தேதியோடு குறித்து வைத்துத் துறைத் தலைவரிடம் எழுத்தில் கொடுங்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2023 விதிமுறைப்படி ஒவ்வொரு கல்வி நிறுவனத்திலும் மாணவர் குறைதீர்ப்புக் குழு இருக்க வேண்டும். நியாயமற்ற மதிப்பீடும் அதன் வரம்புக்குள் வரும். குழு 15 வேலை நாட்களில் அறிக்கை தர வேண்டும்; திருப்தி இல்லையென்றால் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம். திருத்திய விடைத்தாளைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டுப் பார்க்கும் உரிமையை உச்ச நீதிமன்றம் 2011-லேயே உறுதி செய்திருக்கிறது. அந்தத் தாளை வாங்கி, எந்த வரிக்கு எத்தனை மதிப்பெண் குறைந்தது என்று பார்த்துவிட்டுப் புகார் எழுதுங்கள்.